பிரேக் மாத்திரை

அறுவை அரங்கிலிருந்து திரும்பும்போது பெரியவள் ஓட மாட்டாள். அவசரம்தான், ஆனாலும் ஓட மாட்டாள். கையில் இருக்கும் குப்பியில் குளிர்ந்த உப்புக் கரைசல். அதற்குள் யாரோ ஒருவருடைய இதயத்திலிருந்து வெட்டிய, அவரை விதை அளவு தசை. அடைப்பு உள்ள இதயத்துக்கு மாற்றுப் பாதை போடும்போது, மேலறையின் ஓரத்தில் நாய்க்காது போலத் தொங்கும் மடலில் ஒரு துணுக்கை வெட்ட வேண்டிவரும். குப்பைக்குப் போக வேண்டியதை, நோயாளியிடம் முன்னாலேயே சம்மதம் வாங்கிக்கொண்டு, மேல்மாடி ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். வழியில் குலுங்கினால் தசை நைந்துவிடும். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். இங்கே குறைக்குப்பியும் தளும்பக் கூடாது. அதனால் லிஃப்டை நம்பாமல் படியேறியே போவாள்.

மேலே போனதும் அந்தத் துணுக்கிலிருந்து நூல் கனத்தில் ஒரு நாரைப் பிரித்தெடுத்து, இரண்டு முனையிலும் பட்டு நூலால் முடிச்சுப் போட்டு, கண்ணாடிக் குவளையில் உடம்புச் சூட்டில் இருக்கும் கரைசலுக்குள் தொங்கவிடுவாள். கீழ் முனை ஒரு கொக்கியில். மேல் முனை, இழுப்பை அளக்கும் கருவியில். குவளையின் அடியிலிருந்து ஆக்ஸிஜன் குமிழ் குமிழாக ஏறும். மின்சாரத்தால் லேசாகத் தட்டிக்கொடுத்தபடி காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே நடக்காது. பிறகு, தூங்குகிறவன் கால்விரலை அசைப்பது மாதிரி, அந்த நார் சுருங்கும். திரையில் ஒரு மேடு தெரியும். இன்னொரு மேடு. உடம்பும் இல்லை, ஆளும் இல்லை, ஆனால் துடிப்பு இருக்கும்.

அட்ரினலின் ஒரு சொட்டு விட்டால் மேடு மலையாகும். அசிடைல்கோலின் என்ற இன்னொன்றை விட்டால் மலை மறுபடி மேடாகும், மேடு திட்டாகும். இரண்டும் உடம்பு தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் தூதுகள். இந்தத் தூதர்கள் வீட்டுக்குள் நுழைவதில்லை. செல்லின் வாசலில் ஏற்பி என்று ஒன்று இருக்கிறது. அதைத் தொடுவதோடு அவர்கள் வேலை முடிந்தது. தொட்ட சேதி உள்ளே கைமாறிக் கைமாறிப் போய், கால்சியம் வரும் கதவைத் திறக்கும், அல்லது அடைக்கும். கால்சியம் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு இறுக்கம். இதுதான் அவள் நாள் முழுக்கப் பார்ப்பது: யார் வந்து தொட்டார்கள், தசை எவ்வளவு இறுகியது.

சேர்ந்த புதிதில், முதல் துடிப்பைப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கியிருக்கிறது. "ஐயோ, உயிரோட இருக்கு மேடம்" என்று கத்திவிட்டாள். பேராசிரியர் சிரித்தார். இப்போது கலங்குவதில்லை. எப்போது நின்றது என்றும் தெரியவில்லை. குழாய் மூடப்பட்டதைத் தண்ணீர் நின்ற பிறகுதானே கவனிக்கிறோம்.

அவள் வீட்டின் மூத்த மகள்; குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் அவள்தான். அப்பா லாரி ஷெட்டில் பிரேக் மெக்கானிக். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். தம்பி, வீட்டில் சின்னவன், பொருள்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிறான். நாலு பேரும் இரண்டு அறை வீட்டில், ஒருவர் சட்டை மாட்டினால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்படியான இடத்தில் இருக்கிறார்கள். குடியிருக்கும் கட்டடத்தில் எல்லோரும் அவளை "ஹார்ட் டாக்டர்" என்பார்கள். அவள் டாக்டர் இல்லை, எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருப்பவள். முதலில் இரண்டு மூன்று பேரிடம் திருத்திச் சொல்லிப் பார்த்தாள். அப்பா முகம் சுருங்கியது. விட்டுவிட்டாள்.

அப்பாவுக்குத் தன் தொழிலில் ஒரு கர்வம் உண்டு. "எஞ்சின எவன் வேணா ஓட்டுவான். நிறுத்தத் தெரிஞ்சவன்தான் மெக்கானிக்கு" என்பார். அவர் வாயிலிருந்து அந்த வீட்டார் கேட்டுக் கேட்டுப் புளித்த கதை ஒன்று உண்டு. சுமையேற்றிய ஒரு லாரி, பிரேக் முழுசாக விடாமல் லேசாக ஒட்டிக்கொண்டே மேட்டில் ஏறியிருக்கிறது. டிரைவருக்குத் தெரியவில்லை, வண்டி இழுக்கவில்லையே என்று ஆக்ஸிலேட்டரை மேலும் மேலும் அழுத்தியிருக்கிறான். சக்கரத்துக்குள் சூடேறி, டயர் பற்றி, அணைக்கப் போன அப்பாவின் சட்டைக் கை எரிந்தது. "பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடற வண்டி, ஒண்ணு நிக்கும், இல்ல எரியும்" என்று முடிப்பார். சட்டையைத் துவைத்தவள் அம்மா. அவளுக்கு அந்தக் கதை அப்பாவைவிட நன்றாகத் தெரியும்.

அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது மெல்லத்தான். ஸ்பேனரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார் என்று ஷெட்டிலிருந்து சொன்னார்கள். கால் வீங்கியது. செருப்பு ஏறவில்லை. பரிசோதனையில் இதயம் பெருத்துத் தொய்ந்துபோய்விட்டது, அடிக்கிற அடியில் பாதி பலம்கூட இல்லை என்று தெரிந்தது. மருத்துவமனையில் கைநிறைய மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, மாத்திரைகளைத் தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு அப்பா விசாரணை நடத்தினார்.

"இது எதுக்கு?"

"தண்ணிய இறக்கறதுக்கு. கால் வீக்கம் வத்தும்."

"இது?"

"ரத்த அழுத்தம் ஏறாம பாத்துக்கும்."

"இந்தப் பொடி மாத்திரை?"

பெரியவள் போனை எடுத்தாள். ஆய்வுக்கூடத்தில் எடுத்து வைத்திருந்த வீடியோ ஒன்றைக் காட்டினாள். குவளையில் நார், பக்கத்தில் திரை.

"இது அட்ரினலின் விட்டப்போ. பயந்தா, கோவப்பட்டா உடம்புல ஊறுமே, அது. பாருங்க, எப்படி ஏறுதுன்னு."

"அடேங்கப்பா! டாப் கியர்ல போகுதே!"

"இப்ப இதப் பாருங்க. முதல்ல உங்க மாத்திரையில இருக்கிற மருந்த விட்டுட்டோம். அதுக்கப்புறம் அதே அட்ரினலின்."

திரையில் மேடுகள் இருந்தபடியே இருந்தன. ஏறவில்லை.

"என்னடி, செத்துப்போச்சா?" என்றாள் அம்மா, கரண்டியோடு குனிந்து.

"சாகலம்மா. மருந்து போய் வாசல்ல உக்காந்துக்கிச்சு. அட்ரினலின் வந்து தட்டினாலும் உள்ள சேதி போகாது. அப்பா பாஷையில சொல்லணும்னா, இது பிரேக்கு."

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமலுக்கு நடுவிலும் சிரித்தார். "எனக்கே பிரேக்கா? கொல்லன் தெருவுலயே ஊசி விக்க வந்துட்டாங்களா?"

சின்னவனும் சிரித்தான். "அக்கா, நீ பேசாம அப்பா ஷெட்டுலயே சேந்திருக்கலாம்."

அந்தச் சிரிப்பு பெரியவளுக்குப் பிடித்திருந்தது. படித்ததை இந்த வீட்டு வார்த்தையில் சொல்லிவிட்டோம், நடுவில் இருந்த சுவர் ஒன்று இறங்கிவிட்டது என்று தோன்றியது. விளக்கத்துக்கு இன்னொரு பாதியும் இருந்தது. பேராசிரியர் அதை அவள் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்: "நாம பாக்கிறது அரை மணி நேரத்து இதயம்மா. மாத்திரை வேலை செய்யறது மாசக்கணக்குல. ரெண்டையும் குழப்பிக்காதீங்க." இன்றைக்கு வேகத்தைத் தடுக்கும் அதே மருந்து, மாதங்கள் போன பிறகு தொய்ந்த இதயத்துக்குப் பலத்தைத் திருப்பித் தரும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கைதட்டு கிடைத்த இடத்தில் கதையை நிறுத்துவது சொல்கிறவர்களுக்கு ஒரு பழக்கம். நிறுத்திவிட்டாள்.

அம்மா மட்டும் சிரிக்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா பொதுவாகவே அதிகம் சிரிக்கிறவள் இல்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

வீக்கம் வற்றியது. அப்பா செருப்புப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்வந்தார். பிறகு ஒரு காலையில், பல் விளக்கப் போனவர் வாளியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். நெஞ்சு இரண்டு ஆள் ஓடுகிற ஓட்டம் ஓடியது. படுத்தால் மூச்சுத் திணறியது. உட்கார்ந்தால் தலை சாய்ந்தது. சின்னவன் வண்டி பிடித்தான்.

மருத்துவமனையில் அப்பாவை இதய வார்டில் சேர்த்தார்கள். பெரியவள் வேலை செய்யும் அதே கட்டடத்தின் கீழ்த்தளம் அது. அவள் மேலே போகும் படியிலிருந்து எட்டிப் பார்த்தால் அந்த வார்டின் கதவு தெரியும். முகத்தில் ஆக்ஸிஜன் மூடியோடு அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, இது கதற வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மா அழுதாள். சின்னவன் சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். அவள் கண் மானிட்டரின் எண்ணில் போய் நின்றது. இந்த மாத்திரையைப் போடுகிறவருக்கு இவ்வளவு வேகம் ஓடக் கூடாதே என்று மனம் கணக்குப் போட்டது. அழுகை வரும் என்று அதற்கு இடம் விட்டுக் காத்திருந்தாள். வரவில்லை.

அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அவர்கள் வீட்டில் எது நடந்தாலும் அவள் முதலில் அம்மாவைத்தான் பார்ப்பாள். குழம்பு தீய்ந்தாலும் அம்மா, மழை தவறினாலும் அம்மா.

"முழு ஆளா கட்டிக் குடுத்தேன் என் தம்பிய. அரை ஆளாக்கி வெச்சிருக்கீங்க. வேளாவேளைக்கு மாத்திரையாவது குடுத்தியா?"

"குடுத்தேன் அண்ணி."

"என்னத்த குடுத்தியோ." பிறகு பெரியவள் பக்கம் திரும்பினாள். "நீ ஏண்டி மரம் மாதிரி நிக்கிறே? பெத்த அப்பன்டி. கல்லுலகூட ஈரம் கசியும், உன் கண்ணுல கசியாதா? இதயத்துலதான் வேலை பாக்கறாளாம், இதயம்!"

பெரியவளுக்குக் கோபமும் வரவில்லை. அத்தை சொன்னது சரியாக இருக்குமோ என்று மட்டும் யோசித்தாள். தினமும் ஒருத்தர் இதயத்தைக் கொக்கியில் மாட்டினால் இப்படி ஆகுமோ? அல்லது அதற்கும் முன்னால், பரீட்சைக்குப் பரீட்சை, "நீ ஒருத்தி படிச்சு வந்தாப் போதும்" என்று எல்லோரும் முதுகில் ஏற்றிவிட்ட காலத்திலேயே ஆகிவிட்டதோ? எல்லாவற்றுக்கும் பதறிக்கொண்டிருந்தால் படித்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அது ஒரு சாக்கு போலவும் இருந்தது.

வார்டு டாக்டருக்கு அவள் வயதுதான் இருக்கும். தூக்கம் போதாத கண். "மாத்திரை எல்லாம் விடாம போட்டாரா? அந்தச் சின்ன மாத்திரைகூட?"

"எல்லாம் போட்டாருங்க" என்றாள் அம்மா.

டாக்டர் உதட்டைக் கடித்தாள். "அப்போ கொஞ்சம் கஷ்டம்தான்மா. அதையும் போட்டு இந்த ஓட்டம் ஓடுதுன்னா, நோய் மருந்தத் தாண்டிப் போயிடுச்சுன்னுதான் அர்த்தம். நாளைக்குக் காலையில பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். அந்த மாத்திரைய அடியோட நிறுத்திட்டு, இதயத்த உசுப்பி விடற மருந்து ஒண்ணு ட்ரிப்ல போக வேண்டியிருக்கும். சோர்ந்த குதிரைய சாட்டையால அடிக்கிற மாதிரிதான். ஓடும். எவ்வளவு தூரம் ஓடும்னு என்னால சொல்ல முடியாது."

அத்தை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அம்மாவின் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போனது. பெரியவள் அதைப் பார்த்தாள்.

மாடிப்படித் திருப்பத்தில், மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில், அம்மாவைத் தனியாக நிறுத்தினாள்.

"அம்மா. பொடி மாத்திரை குடுத்தியா?"

"குடுத்தேன்னு சொன்னேன்ல."

"டாக்டர்கிட்ட சொன்னே. என்கிட்ட சொல்லு."

அம்மா கைப்பிடிச் சுவரைத் தடவினாள். இஸ்திரி போட்டுப் போட்டு விரல் நுனி வழவழத்துப் போன கை. "மத்ததெல்லாம் குடுத்தேன்" என்றாள்.

"அத?"

"நீதானேடி சொன்னே, பிரேக்குன்னு. டாக்டர் சொல்றாரு, இதயத்துல பலமே இல்லன்னு. பலம் இல்லாத வண்டிக்கு எவனாச்சும் பிரேக் போடுவானா? மேட்டுல ஏற முடியாம மூச்சு வாங்குது மனுஷனுக்கு. உங்கப்பா அந்த லாரிக் கதைய எத்தன தடவ சொல்லியிருக்காரு. எரிஞ்ச சட்டைய நான்தான் துவைச்சேன்." குரல் இறங்கியது. "நீ போன்ல காட்டினியே. மருந்து விட்டதும் அப்படியே அடங்கிப்போச்சே. அதப் பாத்த பொறகு அந்த மாத்திரைய எடுத்து அவர் வாயில போட எனக்குக் கை வரல. முதல்ல நல்லாத்தான் இருந்தாரு. தெருமுனை வரைக்கும் போனாரே. நான் செஞ்சது சரின்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"என்னத்தக் கேக்கறது? நீதான் வெளக்கமா சொல்லிட்டியே."

அம்மா புரிந்துகொள்ளாமல் செய்யவில்லை. சொன்னதைச் சொன்னபடியே, வரி பிசகாமல் புரிந்துகொண்டு செய்திருக்கிறாள். மேல்மாடியில் அரை மணி நேரத்தில் நடப்பதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாதக்கணக்கில் வாழ வேண்டிய மனிதனின் முன்னால் வைத்தது யார்? தசையைக் குலுங்காமல் கொண்டுவரத் தெரிந்தவளுக்கு ஒரு விளக்கத்தைச் சிந்தாமல் கொண்டுவரத் தெரியவில்லை.

"டாக்டர்கிட்ட சொல்லணும்மா. மாத்திரை நின்னதாலதான் இந்த ஓட்டம்னா வைத்தியமே வேற. ட்ரிப் வேண்டியிருக்காது. தண்ணிய இறக்கி, அந்த மாத்திரையவே துளித்துளியா மறுபடி ஆரம்பிப்பாங்க."

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லு. அவர் பொழைக்கணும். ஆனா உங்கத்தைக்குத் தெரியாம சொல்லு. தெரிஞ்சா, நான் கட்டையில போற வரைக்கும் புருஷனக் கொல்லப் பாத்தவன்னுதான் சொல்லுவா. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டுக்கிட்டே இருக்குடி."

வார்டு டாக்டரைத் தேடினாள். பணி மாறிப் போய்விட்டிருந்தாள். அடுத்து வந்தவர் அவசர நோயாளி ஒருவரோடு உள்ளே போனவர் வெளியே வரவில்லை. நர்ஸ் ஒருத்தியிடம் சொன்னாள். "ரவுண்ட்ஸ்ல சொல்லுங்க, சரியா இருக்கும்" என்றாள்.

காலையில் பெரிய டாக்டர் வந்தபோது கட்டிலைச் சுற்றிக் கூட்டம். இந்தப் பக்கம் அத்தை, அம்மா, சின்னவன். அந்தப் பக்கம் வார்டு டாக்டரும் இன்னும் இரண்டு பேரும். பெரிய டாக்டர் அப்பாவின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். "ட்ரிப் ரெடி பண்ணுங்க" என்று ஆரம்பித்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் பெரியவள். "அந்தச் சின்ன மாத்திரைய அவர் போடல. கொஞ்ச நாளாவே நிறுத்தியாச்சு."

வார்டு டாக்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "நேத்து கேட்டப்போ போட்டார்னு சொன்னீங்களே!"

பெரிய டாக்டர் குழலைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். குரல் ஏறியது. "திடீர்னு நிறுத்தினா இதயம் கட்டறுத்துக்கிட்டு ஓடும்னு சொல்லித்தானே குடுக்கறோம்? யார் நிறுத்தினது?"

அடுத்த கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்தார். அத்தையின் தலை, பழகிய தடத்தில், அம்மா பக்கம் திரும்பத் தொடங்கியது. அம்மாவின் வாய் திறந்தது.

"நான்தான் சார்" என்றாள் பெரியவள்.

அது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மெய் என்றும் தோன்றவில்லை. யாரோ பக்கத்தில் நின்று சொன்னது போல இருந்தது.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்ஸி. மேல ஆய்வுக்கூடத்துல, இதயத் தசையிலதான் வேலை. மருந்து தசையோட இழுப்பக் குறைக்குதுன்னு பாத்தேன்."

"பாத்தீங்களா!" பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. "ஒண்ணும் தெரியாதவங்கள வெச்சு வைத்தியம் பாத்துடலாம். அரைகுறையா தெரிஞ்சவங்கள வெச்சுத்தான் பாக்க முடியாது." பிறகு வார்டு டாக்டரிடம் திரும்பினார். "ட்ரிப் இப்ப வேணாம். தண்ணிய இறக்குங்க. நிதானமானதும் குறைஞ்ச அளவுல மறுபடி ஆரம்பிங்க. வாய்ப்பு இருக்கு."

வாய்ப்பு இருக்கு என்ற சொல் எல்லோருக்கும் கேட்டது. ஆனால் அத்தைக்கு அதற்கு முந்தியதுதான் காதில் நின்றது.

"படிச்ச திமிருடி உனக்கு! உன்னப் படிக்க வெக்க இவன் கருகினான் அந்த ஷெட்டுல. அந்தப் படிப்ப வெச்சு அவனுக்கே குழி வெட்டினியா?"

சின்னவன் அக்கா நின்ற இடத்தை விட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றான். அப்பா மூடிக்குள் மூச்சு விட்டபடி அவளையே பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். பெரியவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அரங்கிலிருந்து துணுக்கு வரும் நேரம். மேலே போனாள். முடிச்சுப் போட்டாள். கை நடுங்கவில்லை. நடுங்காதது அவளுக்கே கொஞ்சம் அருவருப்பாக இருந்தது.

அப்பா மெல்லத் தேறினார். வீங்கிய கால் வற்றியது. நெஞ்சின் ஓட்டம் நடையானது. வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி மாத்திரை கொடுப்பது சின்னவன் பொறுப்பு என்று யாரும் சொல்லாமலே ஆகிவிட்டது. டப்பாவை அவன் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டான். கட்டடத்தில் யாரும் அவளை ஹார்ட் டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. அத்தையின் வாய் அவளுக்கு முன்னால் ஊர் சுற்றியிருந்தது. படியில் எதிர்ப்பட்டால், "வேலைக்கா?" என்பார்கள். அவ்வளவுதான்.

அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தட்டில் அவளுக்கு விழும் சோறு கூடியது. காலையில் அவள் சட்டை, கேட்காமலே, மடிப்புக் கலையாமல் நாற்காலியில் இருந்தது. இதை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் பெரியவள் போட்டுக்கொண்டு போனாள்.

விடுமுறை நாள் ஒன்றில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சின்னவன் வேலைக்குப் போயிருந்தான். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"பெரியவளே, இங்க வா" என்றார் அப்பா. குரல் இன்னும் பலமாகவில்லை. "மாத்திரை வராதது எனக்குத் தெரியும்."

அவள் நின்றாள்.

"எண்ணிக்கை தெரியாதா எனக்கு? நாலு வர்ற எடத்துல மூணு வந்துச்சு. பொடிசு இல்ல. கேக்கல. உங்கம்மா பிரேக்க எடுத்துட்டா போலன்னு நெனச்சேன். நல்ல வேலைதான்னு எனக்கும் தோணுச்சு. பிரேக்குல ஊறினவன் ஆச்சே." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆஸ்பத்திரியில நீ ஏத்துக்கிட்டப்போ, வாயில மூடி இருந்துச்சு, பேச முடியலன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். மூடிய எடுத்துட்டுப் பேசியிருக்கலாம். கழட்டக் கை வரல."

"பரவாயில்லப்பா."

"பரவாயில்லன்னு சொல்லாத. நீ எல்லாத்துக்கும் அதத்தான் சொல்றே." பக்கத்தில் இடம் காட்டினார். "முழுசா சொல்லு இப்ப. எதுக்கு அந்த மாத்திரை? வண்டிக் கதை வேணாம். எனக்குப் புரியலன்னா ரெண்டு தடவ சொல்லு."

அவள் உட்கார்ந்தாள். உவமை ஒன்று நாக்கு நுனிக்கு வந்தது; விழுங்கினாள்.

"இதயம் பலவீனமானதும் உடம்பு பயந்துபோய் அட்ரினலின ஊத்துதுப்பா. எப்பவாவது இல்ல, ஓயாம. முதல்ல இதயம் கேக்கும், வேகமா அடிக்கும். ஆனா விடாம வந்துக்கிட்டே இருந்தா, செல்லு அத வாங்கிக்கிற ஏற்பிகள உள்ள இழுத்துக்கும். வெளிய ரொம்பக் கம்மியாதான் மிச்சம் இருக்கும். அப்புறம் எவ்வளவு வந்தாலும் உறைக்காது. நிஜமா தேவைப்படறப்பவும் உறைக்காது. நோய் முத்தின தசை எங்க ஆய்வுக்கூடத்துக்கும் வரும். அட்ரினலின் விட்டா சும்மா கெடக்கும்."

"மரத்துப்போயிடும்னு சொல்லு."

"ஆமாப்பா. இந்த மாத்திரை அந்த ஓயாத வரவக் கொஞ்சம் மறிக்கும். செல்லுக்கு ஓய்வு கிடைக்கும். மாசக்கணக்குல, இழுத்துக்கிட்டது மெல்ல வெளிய வரும். இதயத்துக்கு இழுப்பு கூடும். எல்லாருக்கும் வரும்னு இல்ல. நிறைய பேருக்கு வந்திருக்கு. இதத்தான் அன்னைக்கு சொல்லாம விட்டேன். நீங்க சிரிச்சீங்க, நல்லா இருந்துச்சு, நிறுத்திட்டேன்."

அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்று போயிருந்தது. அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்காமல் போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டாள். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்; எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"என்ன, தம்பி சாப்பிட்டானா?" என்றது அத்தையின் குரல்.

"சாப்பிட்டாரு. அண்ணி, ஒண்ணு சொல்லணும். மாத்திரைய நிறுத்தினது பெரியவ இல்ல. நான்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அம்மா போனைப் பார்த்தாள்.

"யாரு சொல்லி நிறுத்தினே?"

பெரியவள் தலை நிமிர்ந்தாள். இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று இருந்தது. அம்மா அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனிடம் திரும்பினாள்.

"யாரும் சொல்லல. எனக்கா தோணுச்சு."

அதன் பிறகு அத்தை ஆரம்பித்தாள். கல்யாணத்து நாளிலிருந்து ஆரம்பித்தாள். அம்மா எப்படிப்பட்டவள், அவள் தாய் எப்படிப்பட்டவள், எந்த வேளையில் இந்தக் காலை உள்ளே எடுத்து வைத்தாளோ என்று ஒன்று விடாமல் வந்தது. அப்பா, "அக்கா, நான் சொல்றதக் கேளு" என்று ஜன்னலோரத்திலிருந்து கை நீட்டினார். அவர் குரல் அங்கே எட்டவில்லை. பெரியவள் எழுந்துபோய் போனை வாங்கக் கையை நீட்டினாள்.

அம்மா போனை அந்தப் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.

"விடுடி" என்றாள் மெதுவாக. "இது எனக்கு வர வேண்டிய திட்டு. நான் வாங்கிக்கிறேன்."

பெரியவள் கையை இறக்கினாள். அழுகை வரவில்லை. எழுந்து போகவும் தோன்றவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில், தோள் படும்படி தரையில் உட்கார்ந்தாள். அத்தை திட்டி முடிக்கும் வரை இரண்டு பேருமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.